குளிர்கால டி-ஷர்ட் தொழில்: திருப்பூரில் முதல் 200 பீஸ் போடுவது எப்படி

திருப்பூரைச் சுற்றி இருப்பவர்கள் டி-ஷர்ட் தொழில் தொடங்க மெஷின் வாங்க வேண்டியதில்லை. நிட்டிங், டையிங், கட்டிங், தையல், பிரிண்டிங், அயர்னிங் எல்லாவற்றையும் கூலிக்குச் செய்துகொடுக்க ஆள் இருக்கிறது. புதிதாக வருபவர்கள் ஏமாறுவதும் இந்த வசதியால்தான். நினைத்தால் பதினைந்து நாளில் சரக்கு கைக்கு வந்துவிடும் என்று நம்பி, டிசைன் போட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஐப்பசியில் துணி தேடக் கிளம்புகிறார்கள். அதற்குள் வடக்கே கடைக்காரர்கள் கொள்முதலை முடித்திருப்பார்கள். குளிர்கால சரக்கில் லாபம் டிசைனில் இருப்பதைவிடத் துணியிலும் தேதியிலும்தான் அதிகம் இருக்கிறது. இந்தக் கட்டுரையிலும் அவற்றுக்குத்தான் இடம் அதிகம்.

1. யாருக்கு விற்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

மதுரைக்காரருக்கும் டெல்லிக்காரருக்கும் ஒரே டி-ஷர்ட் ஆகாது. சமவெளித் தமிழ்நாட்டில் மார்கழிக் குளிருக்கு 200 முதல் 240 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) ஃபுல் ஸ்லீவ் போதும். அதற்குமேல் போனால் காலை ஒன்பது மணிக்கே கழற்றிவிடுவார்கள். பெங்களூர், ஊட்டி, கொடைக்கானலுக்கு 260 – 280 சரியாக இருக்கும். டெல்லி, ஜெய்ப்பூர், லக்னோ பக்கம் 300 – 320 ஜிஎஸ்எம் ஃபிளீஸ் (உள்பக்கம் பஞ்சுபோல் இருக்கும் துணி) கேட்பார்கள். அங்கே பஞ்சாபின் லூதியானா சரக்கோடு விலையில் மோத வேண்டிவரும். முதல் வருடமே அந்தச் சண்டை வேண்டாம்.

புதியவர்களுக்குப் பொருத்தமான வழி, கோவை கல்லூரிகளுக்கும் ஐடி கம்பெனிகளுக்கும் மொத்த ஆர்டர் எடுப்பது. டிபார்ட்மெண்ட் பெயர் போட்ட ஹூடி, ஸ்வெட்ஷர்ட் இரண்டும் வருடம் முழுக்க ஓடும். சைஸ் பட்டியல் முன்கூட்டியே வந்துவிடும், மிச்சச் சரக்கு விழாது. பாதிப் பணம் முன்பணமாகக் கேட்டாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. அதைச் செய்துகொண்டே பக்கத்தில் உங்கள் பிராண்டை வளர்க்கலாம்.

2. காலண்டரைப் பின்னாலிருந்து போடுங்கள்

வடமாநில மொத்தக் கடைகள் ஆகஸ்ட், செப்டம்பரில் சரக்கு எடுக்கும். ஆன்லைன் விற்பனை அக்டோபர் கடைசியில் சூடுபிடித்து ஜனவரி பாதியில் படுத்துவிடும். ஆக, மே – ஜூனில் சாம்பிள், ஜூலை – ஆகஸ்டில் தயாரிப்பு, செப்டம்பர் முடிவதற்குள் சரக்கு கையில்.

நூலில் இருந்து தொடங்கினால் நிட்டிங்குக்கு 3 – 4 நாள், டையிங்குக்கு 7 – 10 நாள், ரெய்சிங் (உள்பக்கத்தைப் பஞ்சாக்குவது), காம்பாக்டிங்குக்கு (துவைத்தால் சுருங்காதபடி துணியை முன்பே சுருக்கிவைப்பது) 2 – 3 நாள், கட்டிங், பிரிண்ட், தையல், செக்கிங், பேக்கிங் எல்லாம் சேர்த்து இரண்டு வாரம். காகிதத்தில் ஒரு மாதம். சீசனில் சின்ன ஆர்டரை எல்லோரும் ஓரமாக வைப்பார்கள், அதனால் 45 நாள் என்று கணக்கு வையுங்கள். "நாளைக்கு ஆயிருமுங்க" என்று பவர் டேபிள்காரர் (கூலிக்குத் தைத்துக்கொடுப்பவர்) சொன்னால் நாளை மறுநாள் கட்டிங் பண்டலைப் பிரிப்பார் என்று அர்த்தம்.

தீபாவளிக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு வாரம் ஊரே நின்றுவிடும். வடமாநிலத் தொழிலாளர்கள் சத் பூஜை முடித்துத்தான் திரும்புவார்கள். வடகிழக்குப் பருவமழையும் அதே நேரம்தான், பிரிண்டிங் பட்டறையில் காயவைப்பதே பாடாகிவிடும். ஆடியில் தொழில் தொடங்கக் கூடாது என்று வீட்டில் சொன்னால் பூஜையை ஆவணிக்குத் தள்ளிவையுங்கள். துணி ஆர்டரை ஆனியிலேயே கொடுத்துவிடுங்கள்.

3. காகித வேலை

வேண்டியவை: பான், ஆதார், புகைப்படம், வங்கிக் கணக்கு ஆதாரம், இடத்துக்கான ஆதாரம். வாடகை இடமென்றால் வாடகை ஒப்பந்தம், உரிமையாளரின் சம்மதக் கடிதம், அவர் பெயரில் உள்ள கரண்ட் பில் அல்லது சொத்துவரி ரசீது. ஒப்பந்தத்தில் இருக்கும் கதவு எண்ணும் கரண்ட் பில்லில் இருப்பதும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் இதனால்தான்.

உத்யம் (மத்திய அரசின் சிறு தொழில் பதிவு) ஒரே நாளில் முடியும், கட்டணம் கிடையாது. ஆதாரும் பானும் போதும். அரசு தளம் போலவே தோற்றம் வைத்து ஆயிரம், இரண்டாயிரம் பிடுங்கும் தளங்கள் தேடலில் மேலே வரும், முகவரி 'gov.in' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். துணி வாங்கித் தைத்து விற்பவர் 'தயாரிப்பு' என்று பதிய வேண்டும். 'வணிகம்' என்று பதிந்தால், பணம் தராமல் இழுக்கும் கடைக்காரர் மேல் பின்னால் புகார் செய்யும் வழி அடைபடும்.

ஜிஎஸ்டி பதிவுக்கும் அரசுக் கட்டணம் இல்லை. ஆடிட்டர் கூலி மட்டும்தான். ஆதார் சரிபார்ப்பு ஒழுங்காக முடிந்தால் 7 வேலை நாளுக்குள் எண் வரும். இடத்தை நேரில் பார்க்க அதிகாரி வரவேண்டும் என்றானால் 30 நாள்வரை இழுக்கும். சரக்கு விற்பவருக்கு வருட விற்பனை 40 லட்சம்வரை பதிவு வேண்டாம் என்பது மாநிலத்துக்குள் விற்பவர்களுக்கு மட்டும். பெங்களூருக்கு ஒரே ஒரு டி-ஷர்ட் விற்றாலும் பதிவு கட்டாயம். காம்போசிஷன் திட்டத்தில் வரி குறைவு என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அதில் இருப்பவர் வெளிமாநிலத்துக்கு விற்க முடியாது, ஆன்லைன் தளங்களிலும் மாநிலத்துக்குள் மட்டும்தான் விற்கலாம்.

2025 செப்டம்பர் 22 முதல் ஒரு பீஸ் 2,500 ரூபாய்வரை உள்ள ஆடைக்கு வரி 5%, அதற்குமேல் 18%. டி-ஷர்ட்டுக்கு 6109, ஸ்வெட்ஷர்ட்டுக்கும் ஹூடிக்கும் 6110 என்று எச்எஸ்என் (ஜிஎஸ்டிக்கான சரக்குக் குறியீட்டு எண்) போடுங்கள். விற்பனையே இல்லாத மாதத்திலும் ரிட்டர்ன் போட வேண்டும். மறந்தால் நில் ரிட்டர்னுக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம், விற்பனை இருந்தால் 50.

பிராண்ட் பெயருக்கு டிரேட்மார்க், ஆடைக்கான வகுப்பு 25. தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைனில் 4,500 ரூபாய். லேபிள் அடிப்பதற்கு முன்பே பதிவுத் தளத்தில் தேடிப் பாருங்கள், பத்தாயிரம் நெய்த லேபிள் அடித்த பிறகு அந்தப் பெயர் வேறொருவருடையது என்று தெரிந்தால் லேபிளை என்ன செய்வது? பாக்கெட்டில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி, எண்ணிக்கை, சைஸ், மாதம் – வருடம், வாடிக்கையாளர் புகார் எண் அச்சிட்டிருக்க வேண்டும்.

கடன் வேண்டுமென்றால் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். ஆனால் மானியத்தை நம்பி இந்த வருட சீசனைத் திட்டமிடாதீர்கள், பணம் வருவதற்குள் குளிர் போய்விடும்.

4. துணி: பணம் போவதும் வருவதும் இங்கேதான்

மூன்று வழி உண்டு. திருப்பூரின் மொத்த ஆடைச் சந்தையான காதர்பேட்டையில் தைத்த பிளெயின் சரக்கு வாங்கிப் பிரிண்ட் போடுவது முதல் வழி. 30,000 – 40,000 ரூபாயில் ஆரம்பிக்கலாம், ஆனால் அடுத்த முறை அதே ஷேடும் அதே அளவும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. சாயம் போட்ட ரெடி துணியை ரோலாக வாங்கித் தைப்பது இரண்டாவது. நூல் வாங்கி நிட்டிங், டையிங் செய்வது மூன்றாவது. முதல் சீசனுக்கு இரண்டாவது வழியே சரி. நூலில் இருந்து போனால் டையிங் மெஷினின் கொள்ளளவுக்குத் துணி கொடுக்க வேண்டிவரும். ஒரு கலருக்கே 100, 200 கிலோ என்று ஆகிவிடும்.

குளிருக்கு என்ன துணி? 240 ஜிஎஸ்எம் வரை கனமான சிங்கிள் ஜெர்சி (வழக்கமான டி-ஷர்ட் துணி) அல்லது இன்டர்லாக் (இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் துணி). 240 – 280க்கு லூப் நிட்: உள்ளே வளையம் வளையமாக இருக்கும், பெங்களூர், ஊட்டிக் குளிருக்கு இதுவே தங்கம். 280க்குமேல் த்ரீ த்ரெட் ஃபிளீஸ், லூப்பை ரெய்சிங் மெஷினில் கொடுத்துப் பஞ்சாக்கியது. டூ த்ரெட் மலிவு, ஆனால் இரண்டையும் ஒரே விலைக்குத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். ஓரத்தில் நூலை உருவிப் பாருங்கள். த்ரீ த்ரெட்டில் மேல் நூல், லூப் நூல், இரண்டையும் பிணைக்கும் மெல்லிய நூல் என்று மூன்று தனித்தனியாக வரும்.

கடையில் நின்றே செய்ய வேண்டிய சோதனைகள்:

ஜிஎஸ்எம்: ரவுண்டு கட்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் 20 க்கு 20 செ.மீ. சதுரம் வெட்டி, நகைத் தராசு போன்ற சின்ன எலக்ட்ரானிக் தராசில் வையுங்கள். வரும் கிராமை 25ஆல் பெருக்கினால் ஜிஎஸ்எம். 11.2 கிராம் என்றால் 280. துணி கிலோ கணக்கில் விற்பதால் ஜிஎஸ்எம் கூடினாலும் உங்களுக்கு நஷ்டம்தான். 280க்கு 300 வந்தால் அதே 100 கிலோவில் சுமார் 7% பீஸ் குறையும். குறைந்தால் பீஸ் கூடும், ஆனால் வாங்கியவர் திருப்பி அனுப்புவார்.

பஞ்சு உதிர்வு: ஃபிளீஸின் உள்பக்கத்தைக் கருப்புத் துணிமேல் பத்துத் தடவை அழுத்தித் தேயுங்கள். வெள்ளையாகப் படிந்தால் ரெய்சிங் அதிகமாகிவிட்டது. அந்தத் துணியில் பில்லிங்கும் (மேலே சின்னச் சின்ன நூல் உருண்டை எழுவது) சீக்கிரம் வரும், வலுவும் இருக்காது.

சுருக்கம்: ஒரு மீட்டர் வாங்கிவந்து 50 க்கு 50 செ.மீ. கட்டம் பேனாவில் வரைந்து, துவைத்து, காயவைத்து அளங்கள். ஒரு பக்கம் 47.5 ஆனால் 5% சுருக்கம். அதற்குமேல் போனால் காம்பாக்டிங் சரியில்லை. அந்த ரோலை வாங்காதீர்கள். கட்டம் சாய்சதுரமாகத் திரும்பியிருந்தால் தைத்த டி-ஷர்ட்டின் சைடு தையல் இரண்டு துவைப்பில் தொப்புளுக்கு வந்து நிற்கும்.

கழுத்து, கை, இடுப்பு ரிப்பை (ஓரத்தில் வைக்கும் இழுபடும் பட்டித் துணி) மறக்காதீர்கள். ஸ்வெட்ஷர்ட்டுக்கு 100 கிலோ பாடி துணிக்கு 10 – 12 கிலோ லைக்ரா ரிப் வேண்டும். பாடி ஒரு கடையில், ரிப் வேறு கடையில் வாங்கினால் கடை விளக்கில் ஒரே கலராகத் தெரியும், வெளியே வெயிலில் பார்த்தால் இரண்டும் வேறு வேறு. பாடியும் ரிப்பும் ஒரே லாட் (ஒரே தடவையில் போட்ட) சாயம் என்று பில்லில் லாட் எண் எழுதி வாங்குங்கள்.

5. கலரும் சைஸும்

முதல் லாட்டில் மூன்று கலர்: கருப்பு, நேவி, கிரே மெலாஞ்ச் (புள்ளி கலந்ததுபோல் தெரியும் சாம்பல்). மெலாஞ்ச் நூலிலேயே கலர் இருப்பதால் டையிங் செலவும் இல்லை, டையிங் மெஷினை நிரப்ப வேண்டிய கட்டாயமும் இல்லை. நூல் லாட் மாறினால் மட்டும் ஷேடு மாறும். நான்காவது கலராக மெரூன் ஆசை வரும். முதல் மூன்றும் விற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சைஸ் விகிதம் எஸ் 1, எம் 2, எல் 2, எக்ஸ்எல் 1 என்று தொடங்குங்கள். குளிர்கால ஆடையை உள்ளே ஒரு பனியனோடு போடுவார்கள் என்பதால் மார்பளவில் சாதாரண டி-ஷர்ட்டைவிட 4 – 5 செ.மீ. கூட வையுங்கள். வெளிநாட்டு சைஸ் சார்ட்டை அப்படியே எடுத்தால் கை நீளம் நம்மவர்களின் விரலை மூடும்.

6. பிரிண்ட்

50 பீஸுக்குக் கீழே என்றால் டிடிஎஃப் (ஃபிலிமில் அச்சிட்டுச் சூட்டில் துணியில் ஒட்டுவது), மேலே என்றால் ஸ்கிரீன் பிரிண்ட். ஸ்கிரீனில் ஒவ்வொரு கலருக்கும் ஒரு ஃபிரேம் செலவு, அதனால் இரண்டு கலருக்குள் டிசைனை முடித்தால் கணக்கு நிற்கும்.

பாலியஸ்டர் கலந்த மெரூன், சிவப்புத் துணியில் வெள்ளைப் பிரிண்ட் போட்டால், சூடு பட்டதும் துணியின் சாயம் மேலேறி வெள்ளை ரோஸாகிவிடும். சில சமயம் பாக்கெட் போட்டு நான்கு நாள் கழித்துத்தான் தெரியும். பிரிண்டரிடம் துணியின் கலவையைச் சொல்லி, பிளாக்கர் பேஸ் (சாயம் மேலேறாமல் தடுக்கும் அடிப்பூச்சு) போடச் சொல்லுங்கள். சாம்பிளை ஐந்து முறை துவைத்த பிறகே மொத்தத்துக்கும் சரி சொல்லுங்கள்.

நடிகர் முகம், கார்ட்டூன், கிரிக்கெட் டீம் லோகோ வேண்டவே வேண்டாம். காதர்பேட்டையில் தொங்குகிறதே என்று கேட்பீர்கள். உங்கள் ஆன்லைன் கணக்கை முடக்க ஒரே ஒரு புகார் போதும்.

7. கட்டிங்கும் தையலும்

ரோலைப் பிரித்து, மடிப்பில்லாமல் விரித்து ஒரு நாள் போட்டுவையுங்கள். ரோலில் இழுபட்ட துணியை உடனே வெட்டினால் வெட்டிய பிறகு சுருங்கி, எல் சைஸ் எம் ஆகும். லைக்ரா ரிப்புக்கு இது இன்னும் முக்கியம். வெட்டிய துண்டுகளுக்கு பண்டல் எண் ஸ்டிக்கர் ஒட்டாமல் பிரிண்டுக்கு அனுப்பாதீர்கள். ஒரு ரோலின் முன்பக்கமும் இன்னொரு ரோலின் கையும் சேர்ந்துவிட்டால் மொத்தமும் செகண்ட்ஸ் (குறையுள்ள சரக்கு) தான். பிரிண்டை எப்போதும் தைப்பதற்கு முன், வெட்டிய துண்டிலேயே போடுங்கள். அதில் கெட்டால் போவது ஒரு துண்டு மட்டும்.

பவர் டேபிளில் கொடுக்கும்போது துணியோடு டெலிவரி சலான், தைத்த ஒரு சாம்பிள், அளவுத் தாள் மூன்றும் போக வேண்டும். முனை உருண்ட பால் பாயிண்ட் ஊசிதான் போட வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் துவைத்ததும் தையல் ஓரத்தில் பொட்டுப் பொட்டாக ஓட்டை தெரியும். முதல் பத்துப் பீஸ் வெளியே வரும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும். இருநூறும் முடிந்த பிறகு கழுத்து சின்னது என்று கண்டுபிடித்துப் பயனில்லை. இங்கே சனிக்கிழமை சம்பள நாள். வெள்ளிக்கிழமைக்குள் வந்த பீஸை எண்ணிப் பணத்தைத் தீர்த்துவிட்டால் திங்கட்கிழமை உங்கள் பண்டல் முதலில் ஏறும். தைப்பதை வீட்டிலேயே செய்வதாக இருந்தால் வீட்டு மின் இணைப்பில் மெஷின் ஓட்டாதீர்கள், சோதனைக்கு வந்தால் அபராதம்.

8. விலைக் கணக்கு

எல் சைஸ், 280 ஜிஎஸ்எம் ஸ்வெட்ஷர்ட்டை எடுத்துக்கொள்வோம். உடல் நீளம் 66, கை நீளம் 58, தையல் இடம் 10, மொத்தம் 134 செ.மீ. பாதி மார்பு 58, தையல் இடம் 4, மொத்தம் 62. 134 × 62 × 2 = 16,616 சதுர செ.மீ., அதாவது 1.66 சதுர மீட்டர். அதை 280ஆல் பெருக்கினால் 465 கிராம். ரிப் 50 கிராம். ரோல் முனை, ஓட்டை, கறை என்று 5% சேர்த்தால் 540 கிராம். அப்படியானால் 100 கிலோவில் வருவது 185 பீஸ்தான். கிலோவுக்கு இரண்டு என்று கண்ணை மூடிக்கொண்டு 200 பீஸுக்கு ஆர்டர் எடுப்பவருக்குப் பதினைந்து பீஸ் துணி கடைசியில் கிடைக்காது, அதே லாட்டும் கிடைக்காது.

கீழே உள்ள விலைகள் கணக்கின் வடிவத்துக்காக வைத்தவை. அன்றைய ரேட்டைப் போட்டுப் பாருங்கள். துணி கிலோ 400 என்றால் 216. கட்டிங், தையல் 45. பிரிண்ட் 25. லேபிள், பாக்கெட், அட்டைப்பெட்டி 10. செக்கிங், அயர்னிங், பேக்கிங் 10. ஆட்டோ, வண்டி வாடகை 4. மொத்தம் 310. செகண்ட்ஸ், வட்டி, இதர செலவுக்கு 20 சேர்த்தால் 330.

மொத்தக் கடைக்கு 400க்குக் கொடுத்தால் பீஸுக்கு 70 நிற்கும். ஆன்லைனில் 699க்கு விற்பதைப் பார்ப்போம். அதில் வரி போக 666. கமிஷன், கூரியர் 150 போனால் 516, அடக்கம் போக 186. அடடா என்று தோன்றும். ஆனால் 100 ஆர்டரில் 20 திரும்பி வருகிறது என்று வையுங்கள். விற்ற 80க்கு லாபம் 14,880. திரும்பிய 20க்கு போக்குவரத்தும் மறு பேக்கிங்கும் 130 வீதம் 2,600. அதில் 4 பீஸ் அழுக்காகி வந்தால் இன்னொரு 1,320. மிச்சம் 10,960, விற்ற பீஸுக்கு 137. விளம்பரத்துக்கு ஒரு விற்பனைக்கு 100 போனால் கையில் 37. மொத்தக் கடைக்காரர் தரும் 70 அப்போது அவ்வளவு கசக்காது. கேஷ் ஆன் டெலிவரியைக் குறைத்து, சைஸை செ.மீ. அளவில் படத்தோடு போட்டால் ரிட்டர்ன் இறங்கும். தளம் பிடிக்கும் ஜிஎஸ்டி டிசிஎஸ் 0.5%, வருமான வரி டிடிஎஸ் 0.1% இரண்டும் செலவல்ல. கணக்கில் காட்டித் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

9. வசூல்

வெளியூர்க் கடைக்கு முதல் ஆர்டர் பணம் வந்த பிறகு மட்டும். இரண்டாவது ஆர்டரில் பாதி முன்பணம். 90 நாள் கடன் கேட்பவருக்குக் குளிர் முடிந்ததும் சரக்கில் குறை தெரியத் தொடங்கும். பில்லில் உத்யம் எண்ணை அச்சிடுங்கள். எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது சட்டம், தராவிட்டால் சிறு நிறுவனங்களுக்கான அரசின் தளத்தில் புகார் போடலாம். 50,000 ரூபாய்க்குமேல் வெளிமாநிலம் போகும் சரக்குக்கு இ-வே பில் (ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கும் சரக்குப் போக்குவரத்துச் சீட்டு) இல்லாமல் வண்டியில் ஏற்றாதீர்கள்.

10. மிச்சச் சரக்கு

டிசம்பர் 15க்குப் பிறகு புதிதாக ஒரு பீஸும் வெட்டாதீர்கள். பொங்கல் வரை விற்றது போக மிஞ்சியதைத் தள்ளுபடியில் அள்ளிக்கொடுக்க அவசரமில்லை. ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் கடைகளுக்கு ஏப்ரல் – மேதான் சீசன், சமவெளியிலிருந்து மெல்லிய சட்டையோடு ஏறி வருபவர்கள் அங்கே போய்த்தான் ஸ்வெட்ஷர்ட் வாங்குவார்கள். மார்ச் முதல் வாரம் சாம்பிளோடு நேரில் போங்கள். அடர் கலர், எல், எக்ஸ்எல் என்றால் நல்ல விலைக்கே எடுப்பார்கள். தேதி அச்சிட்ட கல்லூரி ஆர்டரின் மிச்சத்தை மட்டும் அங்கே கொண்டுபோகாதீர்கள். அது ஈரோடு கனி மார்க்கெட் வாரச்சந்தைக்குத்தான் சரிப்படும்.